கோப்பிக்குப் போட்ட பத்தியம்

எங்கள் வீட்டு நாய்க்கு அன்று நடுக்கம் வந்தது, ஆறு குட்டிகளும் விடாமல் பால் குடித்ததனாலா, நாங்கள் அதற்குப் பத்தியம் போட்டதனாலா? இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. மிருக வைத்தியர்கள் எழுதியதையெல்லாம் தேடிப் படித்துவிட்டேன். எனக்கு இன்னும் பதில் தெரியவில்லை.

இப்போது அது ஞாபகத்துக்கு வருவதற்குக் காரணம் இருக்கிறது. போன மாதம் எனக்குப் பெண் குழந்தை பிறந்தது. செந்தூலில், பழைய ரயில் பட்டறைப் பக்கம் எழும்பியிருக்கும் அடுக்குமாடி ஒன்றில் இருக்கிறோம். கிள்ளானிலிருந்து அம்மா கொமுட்டர் ரயிலில் வந்து இறங்கினார். ஒரு பையில் துணி, இன்னொரு பையில் பத்தியச் சாமான். வந்த அன்றே அறையின் மின்விசிறியை நிறுத்தினார், சன்னலைச் சாத்தினார், என் காதில் பஞ்சை வைத்தார். தண்ணீர் என்றால் சின்ன எவர்சில்வர் டம்ளரில், சூடாக, அவர் கொடுக்கும்போது மட்டும்தான். பால் கொடுப்பவள் தாகம் எடுக்கும்போதெல்லாம் குடிக்க வேண்டும் என்று மருத்துவமனையில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அதை அம்மாவிடம் சொன்னேன்.

"அவங்க அப்படித்தான் சொல்வாங்க. நாளைக்கு இடுப்பு வலிச்சா அந்த மிஸ்ஸியா வந்து பிடிச்சு விடப் போறா?" என்றார்.

தாதியை நம்பி ஒரு போத்தல் தண்ணீரை டயப்பர் பொட்டலங்களுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறேன். அம்மாவை நம்பி அதில் பாதிக்கு மேல் குடிக்காமலும் இருக்கிறேன். படித்து என்ன பயன் என்று கேட்காதீர்கள், நானே கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். பால் போதவில்லை. குழந்தை குடித்துவிட்டு அழுகிறது, அழுதுவிட்டுக் குடிக்கிறது. எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது.

இதில் என்னைக் குழப்புவது ஒன்றுதான். பத்தியத்தில் இருக்கும்போது ஒரு கிளாஸ் தண்ணீருக்காகச் சொந்த அக்காவோடு மனஸ்தாபம் வைத்துக்கொண்டவர் இதே அம்மா. அதைக் கண்ணால் பார்த்தவள் நான். எனக்கு அப்போது ஒன்பது வயது. பிள்ளை பெற்றுப் படுத்திருப்பவர்களும், படுத்து எழுந்தவர்களும்தான் இதைப் படிப்பீர்கள் என்ற நம்பிக்கையில் அந்த நாட்களை எழுதிப் பார்க்கிறேன். இடையிடையே குழந்தை எழுந்துகொள்கிறாள். தொடர்ச்சி விட்டுப்போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கிள்ளானில் ஒரு தாமான் குடியிருப்பில் ஒற்றை மாடி வரிசை வீடு எங்களுடையது. அப்பா துறைமுகத்தில் கொந்தேனர் லோரி ஓட்டினார். வீட்டுக்குப் பின்னால் சமையலறையை ஒட்டித் தகரம் போட்டு இறக்கியிருந்தார். அங்கேதான் துணி துவைப்பது, சமையல் கேஸ் தோம்பு, பழைய சைக்கிள், நாய் எல்லாம். நாயின் பெயர் கோப்பி. பால் கலக்காத கோப்பி நிறம், ஆனால் நெஞ்சில் மட்டும் கொஞ்சம் பால் சிந்தியதுபோல வெள்ளை. பாசாருக்குப் போன அப்பாவின் பின்னாலேயே வந்து சேர்ந்தது. பெரிய உடம்பு கிடையாது. மீன் தலையும் கோழி எலும்பும் சோறும் தின்று நன்றாகத்தான் இருந்தது.

அந்த வருஷம் அம்மாவும் கோப்பியும் ஒன்றாக வயிறு பெருத்தார்கள். அப்பா அதைச் சொல்லிச் சிரிப்பார். "ஒன்னு உள்ள நடக்குது, ஒன்னு வெளிய நடக்குது. ரெண்டும் என்னைப் பாத்தா மொறைக்குது லா." அம்மா கரண்டியை ஓங்குவார்.

முதலில் தம்பி பிறந்தான். அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வருவதற்கு முன்பே பெரியம்மா பந்திங்கிலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டார். அம்மாவுக்கு ஒரே அக்கா. பிள்ளை குட்டி இல்லாதவர். எஸ்டேட்டில் பல வருஷம் வேலை செய்து, பிறகு பந்திங் பாசாரில் காய்கறிக் கடையில் நின்றவர். கால் பெருவிரல் இரண்டும் வெளிப்பக்கம் விரிந்திருக்கும், செருப்புக்குள் அடங்காது. அம்மாவை "பாப்பா" என்றுதான் கூப்பிடுவார். அம்மாவுக்கு அப்போது முப்பத்து மூன்று வயது.

பெரியம்மா வந்ததும் வீட்டின் வாடையே மாறியது. நல்லெண்ணெயில் பூண்டு வதங்கும் வாசம், மிளகு இடிக்கும் காரம், சாயங்காலம் சாம்பிராணி. முன்னறையில் தம்பிக்கு ஸ்பிரிங் தொட்டில் தொங்கியது. அது ஏறி இறங்கும்போது கீச் கீச் என்று ஒரு சத்தம் வரும். வீடு முழுக்க அந்தச் சத்தம்தான். அந்த ஸ்பிரிங் இப்போது எங்கே போனதென்று தெரியவில்லை. என் மகளுக்கு மின்சாரத் தொட்டில் வாங்கியிருக்கிறோம், அது சத்தமே போடுவதில்லை. எனக்கு அதுவும் பயமாக இருக்கிறது.

அம்மா படுத்திருந்த அறையில் சன்னல் சாத்தி, துணி திணித்து, மின்விசிறியின் சுவிட்சுக்கு மேல் பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. வயிற்றைச் சுற்றி இறுக்கிக் கட்டிய துணி. சிவப்பு ஃபிளாஸ்கில் ஓமம் போட்டுக் காய்ச்சிய தண்ணீர். அதைப் பெரியம்மாதான் ஊற்றிக் கொடுப்பார், ஒரு வாய், இரண்டு வாய். தண்ணீர் உள்ளே போனால் வயிறு ஊதிக்கொள்ளும், குளிர்ந்தால் சன்னி வரும், காற்றுப் பட்டால் உடம்பு பிடித்துக்கொள்ளும். பெரியம்மாவின் சட்டம் இந்த மூன்றும்தான்.

தம்பி பிறந்த சில நாட்களில், துணி துவைக்கும் கல்லுக்கும் சுவருக்கும் நடுவில் கோப்பி குட்டி போட்டது. பள்ளிக்கூடம் விட்டு வந்து நான்தான் முதலில் பார்த்தேன். ஈரமான எலிகள் மாதிரி ஆறு. பெரியம்மாவைக் கூப்பிட்டேன். அவர் குனிந்து பார்த்துவிட்டுச் சேலையைச் செருகிக்கொண்டார். ஆப்பிள் வந்த அட்டைப் பெட்டியைப் பிரித்து விரித்து, அப்பாவின் பழைய கைலிச் சாரத்தைப் போட்டு, ஒவ்வொரு குட்டியாக எடுத்து வைத்தார். கோப்பி அவரைக் கடிக்கவில்லை. வேறு யாரையும் அது அப்படித் தொடவிட்டிருக்காது.

அன்று சாயங்காலம் அம்மாவுக்கு வதக்கிய பூண்டில் ஒரு கைப்பிடி தனியாக எடுத்து வைத்தார். சோற்றில் போட்டு, நல்லெண்ணெய் விட்டு, மிளகு தூவிப் பிசைந்தார்.

"அக்கா, அது நாய்க்கா?" என்று அப்பா கேட்டார்.

"அவளும் பச்ச ஒடம்புக்காரிதானே தம்பி. கேக்க வாயில்ல, அவ்வளவுதான்."

அப்பா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். தடுக்கவில்லை. இப்போது நினைத்தால், அந்த வீட்டில் கோப்பியைப் பிள்ளை பெற்றவளாக மதித்தது பெரியம்மா ஒருவர்தான். நானும் அப்பாவும் அதைக் குட்டி போட்ட நாயாகத்தான் பார்த்தோம்.

மீன் தலை நின்றது. சூடு, கரப்பான் என்றார். எலும்பு நின்றது, செரிக்காது என்றார். தண்ணீர் வைக்கும் பழைய மங்குத் தட்டை எடுத்துக் கவிழ்த்துவிட்டு, ஓமத் தண்ணீரைத் தேங்காய்ச் சிரட்டையில் வெதுவெதுப்பாக வைத்தார். கோப்பி மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். பிறகு வெளியே போய் லோங்காங்கில் ஓடும் தண்ணீரை நக்கியது. பெரியம்மா பார்த்துவிட்டார். சாக்கடைத் தண்ணீரா குடிப்பது என்று கயிறு போட்டுக் கட்டினார். காற்று வராமல் தகரத்தைச் சுற்றிச் சாக்குத் துணியை இறக்கிவிட்டார். மத்தியானத்தில் அந்தத் தகரத்துக்குக் கீழே நின்றால் உச்சந்தலை கொதிக்கும். கோப்பி நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு கிடக்கும். ஆறும் அதன் மேல் அட்டை மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும்.

குட்டிகள் கொழுத்தன. "பாத்தியா, பூண்டு வேலை செய்யுது" என்றார் பெரியம்மா. கோப்பியின் இடுப்பெலும்பு தூக்கிக்கொண்டு தெரிந்ததை நான் பார்த்தேன். பால் கொடுத்தால் இளைக்கத்தான் செய்யும் என்று அதற்கும் ஒரு பதில் இருந்தது.

எனக்கு வேலை, அம்மாவுக்குத் துணையாக உட்கார்ந்திருப்பது. அம்மாவின் நெற்றியில் வியர்வை வரிவரியாக ஓடும். உதடு வெடித்திருக்கும். தம்பி பால் பற்றாமல் கத்துவான். அம்மா ரகசியமாகக் கேட்பார், "கோப்பி எப்படிடி இருக்கா?"

"பெரியம்மா கட்டிப் போட்டிருக்காங்க."

"அவளையும் விடலயா உங்க பெரியம்மா. பரவால்ல, அவளுக்காவது காதுல பஞ்சு இல்ல."

சிரிப்பதற்குக்கூட அம்மாவுக்குத் தெம்பு இல்லை. வயிற்றுக்கட்டைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்.

குட்டிகள் கண் திறந்து, தள்ளாடி நடக்க ஆரம்பித்த சமயம். ஒரு சனிக்கிழமை காலை. சோற்றை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். கோப்பி எழுந்து நின்றிருந்தது. கயிறு எட்டுகிற தூரத்துக்குள் நடந்துகொண்டே இருந்தது. நடை சரியில்லை. சுடுகிற சிமெண்டில் நடப்பதுபோலக் காலை விறைத்து விறைத்து வைத்தது. குட்டிகள் கிட்டே வந்தால் விலகிப் போனது. மூச்சு ரம்பம் அறுக்கிற வேகத்தில் வந்தது. முகத்தில் ஒரு பக்கம் தசை தானாகத் துடித்தது.

பெரியம்மாவைக் கூப்பிடுவதற்குள் விழுந்துவிட்டது. நாலு காலும் விறைத்து, நீச்சல் அடிப்பதுபோல ஆடின.

பெரியம்மா வந்தார். நின்ற இடத்திலேயே நின்றார். அவர் முகம் அப்படி ஆனதை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை.

"சன்னி," என்றார். "சன்னி வந்துடுச்சு."

பிறகு கைகள் வேகமாக வேலை செய்தன. சாக்கை இன்னும் இறுக்கிக் கட்டினார். சட்டியில் கரி போட்டுப் பற்றவைத்துப் பக்கத்தில் நகர்த்தினார். சாரத்தால் கோப்பியைக் கழுத்துவரை போர்த்தினார். பூண்டை நசுக்கி எண்ணெயில் சூடு காட்டிப் பாதத்தில் தேய்த்தார். நான் மங்குத் தட்டில் தண்ணீர் கொண்டு வந்தேன். "இப்ப தண்ணி காட்டுனா அவ்வளவுதான், எடுத்துட்டுப் போ" என்று தள்ளினார். தண்ணீர் என் சட்டையில் கொட்டியது. அந்தப் புகையில், அந்தச் சூட்டில், கோப்பியின் கண் எங்கேயோ பார்த்தது. நடுக்கம் கூடியதே தவிரக் குறையவில்லை.

இரவு வேலை முடிந்து அப்பா அப்போதுதான் வந்தார். லோரிச் சாவியைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"இதைக் கிளினிக்குக் கொண்டு போவோம் அக்கா."

"வெளிய தூக்குனா காத்து பட்டு வழியிலயே போயிடும். சொல்றதக் கேளு தம்பி. நான் பாத்திருக்கேன்."

"நாய்க்கு எங்க அக்கா பாத்தீங்க?"

"நாய்க்கு இல்ல." பெரியம்மா கரியை ஊதிக்கொண்டே சொன்னார். "எங்கம்மாவுக்கு. பாப்பாவப் பெத்துட்டு இதே மாதிரிதான் கெடந்தா. ஒதறுச்சு. எஸ்டேட் லயத்துல எல்லாரும் வந்து பாத்தாங்க, ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் மட்டும் வரல. தாகமா இருக்குன்னு கேட்டா. நான்தான் பானையிலேர்ந்து மொண்டு குடுத்தேன். பச்சத் தண்ணி. பொழுது சாயறதுக்குள்ள முடிஞ்சு போச்சு."

அந்தத் தண்ணீரை மொண்டு கொடுத்தபோது பெரியம்மாவுக்கு என்ன வயது என்று பிறகு கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறேன். அன்றைய என்னைவிடக் கொஞ்சம்தான் பெரியவராக இருந்திருப்பார். அந்தப் பச்சைத் தண்ணீரால்தான் அவர்கள் அம்மா செத்தார் என்று யாரோ அன்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னவர் மறந்திருப்பார்.

சுவருக்கு அந்தப் பக்கம் அம்மாவுக்கு எல்லாம் கேட்டிருக்கிறது. அறைக்குள்ளிருந்து குரல் வந்தது. "கொண்டு போங்க. நிக்காதீங்க, கொண்டு போங்க."

எங்கள் காரின் பின் சீட்டில் நான் உட்கார்ந்தேன். கோப்பியின் தலை என் மடியில் இருந்தது. அடுப்பில் வைத்த பாத்திரம்போல உடம்பு சுட்டது. அப்பா நாலு கண்ணாடியையும் இறக்கிவிட்டார். காற்று உள்ளே வந்து கோப்பியின் காதைத் தூக்கியது. பெரியம்மா சொன்னது ஞாபகம் வந்து, நான் அந்தக் காதைக் கையால் பொத்திக்கொண்டேன்.

கிளினிக்கில் சீன டாக்டர் அம்மா ஒருவர். மலாயில்தான் பேசினார். வாயைத் திறந்து ஈறைப் பார்த்தார், வெளுத்திருக்கிறது என்றார். சூடு பார்த்தார், முகத்தைச் சுளித்தார். குட்டி எத்தனை, எப்போது போட்டது, என்ன தின்கிறது என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே காலில் மயிரை மழித்தார்.

அப்பா சோறு என்றார். பிறகு? பூண்டு. பிறகு? நல்லெண்ணெய், மிளகு. டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். அப்பாவுக்கு வேறு வழி தெரியவில்லை. மலாய்க்காரர்கள் பத்தியத்துக்குச் சொல்லும் வார்த்தையைச் சொன்னார். "டியா பந்தாங், டாக்டர்."

"நாய்க்கும் பந்தாங்கா?" டாக்டர் மலாயில் கேட்டுவிட்டு உதவிக்கு நின்ற பெண்ணைப் பார்த்தார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். பிறகு டாக்டரும் கொஞ்சம் சிரித்தார். அப்பாவின் காது சிவந்துபோனது.

சுண்ணாம்புச் சத்து மருந்தை நரம்பில் மெல்ல மெல்ல ஏற்றினார். ஒரு கையால் ஊசி, இன்னொரு கையால் நெஞ்சில் குழாய். அவசரப்பட்டால் நெஞ்சு நின்றுவிடும் என்றார். நான் கோப்பியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் தாடையின் துடிப்பு அடங்கியது. பிறகு கால்கள். பிறகு கண் திரும்பி வந்து என்னைப் பார்த்தது. ஊசியை எடுப்பதற்குள் அது தலையைத் தூக்கிவிட்டது. அப்பா சுவரில் சாய்ந்துகொண்டார்.

குட்டிகளை நாளைவரை பிரித்து வைத்துப் போத்தல் பால் கொடுக்க வேண்டும். கோப்பிக்கு முட்டை, மீன், கோழி எல்லாம் நிறையக் கொடுக்க வேண்டும். தண்ணீர் எப்போதும் நிறைந்திருக்க வேண்டும். காற்று வருகிற இடத்தில் போட வேண்டும். பூண்டு, வெங்காயம் கண்ணிலேயே காட்டக் கூடாது, நாயின் ரத்தத்தை அது கெடுக்கும். அப்பா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். கடைசியில் கேட்டார், "பந்தாங்கால்தான் இப்படி ஆச்சா?"

"இருக்கலாம். பத்தியமே போடாத நாய்க்கும் இது வரும். குட்டி அதிகம், பால் அதிகம், உடம்பில் உள்ள சத்தெல்லாம் பாலில் போய்விடும். சாப்பாடு சரியில்லாதது கெடுதல், சூடு கெடுதல். எது முதல் என்று என்னால் சொல்ல முடியாது."

அவராலேயே சொல்ல முடியவில்லை என்பதை நான் பல முறை எனக்குச் சொல்லிக்கொள்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா சமையலறையில் நின்று எல்லாவற்றையும் சொன்னார். பயம் விட்டுப்போன சந்தோஷத்தில் சத்தமாகச் சொன்னார். டாக்டர் சிரித்ததைக்கூட நடித்துக் காட்டினார். "நாய்க்கும் பந்தாங்கான்னு கேக்குறாங்க லா. எனக்கு எங்க போய் மூஞ்ச வைக்கிறதுன்னு தெரியல." பெரியம்மா அடுப்புக்கு முன்னால் நின்றிருந்தார். திரும்பவில்லை. அன்றைய அம்மாவின் பூண்டு வதங்கிக்கொண்டிருந்தது. அப்பா கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் நிறுத்தியிருக்கலாம். "தண்ணி நெறையக் குடுக்கணுமாம். காத்து வேணுமாம். நாம எல்லாத்தையும் தலைகீழாப் பண்ணியிருக்கோம்."

அறைக் கதவு திறந்தது. அம்மா நின்றார். தலையில் கட்டு, காதில் பஞ்சு, தோளில் தம்பி. பத்தியத்தில் சமையலறைப் பக்கம் வரக்கூடாது.

"அக்கா, எனக்கு ஒரு கிளாஸ் தண்ணி குடு."

"வச்சிருக்கேன். ஃபிளாஸ்கில இருக்கு."

"அது இல்ல. பெரிய கிளாஸ்ல. பச்சத் தண்ணி."

"பாப்பா."

"எனக்குத் தொண்டை காயுது அக்கா. நாய்க்குக் குடுக்கலாம்னு சொல்லிட்டாங்க இல்ல. எனக்கும் குடு."

பெரியம்மா அடுப்பை அணைத்தார். அலமாரியிலிருந்து ஒரு கண்ணாடி கிளாஸை எடுத்தார். ஆற வைத்திருந்த கெத்தலிலிருந்து விளிம்பு வரை ஊற்றினார். அம்மாவின் கையில் கொடுக்கவில்லை, மேசையில் வைத்துவிட்டு நகர்ந்தார்.

அம்மா நின்றபடியே குடித்தார். தம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மூச்சு விடாமல், கழுத்து ஏறி இறங்கக் குடித்தார். மீதி வைக்கவில்லை. பெரியம்மா அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அழவில்லை. கோபப்படவும் இல்லை. யாராவது கீழே விழப்போகிறார்கள் என்று தெரிந்து, பிடிக்கக் கை நீட்டித் தயாராக நிற்பவர்போல நின்றார்.

அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்று சாயங்காலம் சன்னலைத் திறக்கச் சொன்னார். பிளாஸ்டரைப் பிய்த்துவிட்டு மின்விசிறியைப் போட்டார்.

மறுநாள் காலை நான் எழுந்து பின்பக்கம் போனபோது சாக்குத் துணிகள் மடித்து வைக்கப்பட்டிருந்தன. மங்குத் தட்டு தேய்த்துக் கழுவி, தண்ணீர் நிரம்பியிருந்தது. கோழி ஈரலும் முட்டையும் உப்பில்லாமல் அவித்துச் சோற்றில் பிசைந்து கோப்பிக்கு வைத்திருந்தார் பெரியம்மா. பூண்டு இல்லை. கோப்பி தின்கிறவரை பக்கத்தில் குந்தியிருந்தார். பிறகு கையைக் கழுவிக்கொண்டு, பையை எடுத்துக்கொண்டு, பந்திங் பஸ் ஏறப் போய்விட்டார்.

"போகட்டும் விடு, ரெண்டு நாள்ல வந்துருவாங்க" என்றார் அப்பா. வரவில்லை.

குட்டிகளுக்கு நான்தான் பால் கரைத்துச் சின்னப் போத்தலில் கொடுத்தேன். ஒன்று செத்துப்போனது. மற்றவற்றை அப்பா துறைமுகத்தில் தெரிந்தவர்களுக்குக் கொடுத்தார். கோப்பி தேறியது. நான் இடைநிலைப் பள்ளிக்குப் போன பிறகும் வாசலில் படுத்திருந்தது.

பெரியம்மா கல்யாணம் காட்சிக்கு வருவார். சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார். அம்மா பேசினால் பதில் சொல்வார், "பாப்பா" என்று மட்டும் கூப்பிடுவதில்லை. அம்மா பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். அப்படிக் கூப்பிடும்போது அம்மா ஒவ்வொரு முறையும் சற்றுத் தாமதமாகத்தான் திரும்பிப் பார்ப்பார்.

அம்மாவுக்கு நாற்பது தாண்டியபோது முழங்கால் வலி வந்தது. மழைக்காலத்தில் இடுப்பும் சேர்ந்துகொண்டது. டாக்டர் எடை, வயது என்று சொன்னார். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "தம்பியப் பெத்தப்போ பத்தியத்த முறிச்சேன்ல, அதான்." முதலில் அதை விளையாட்டாகத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். வருஷங்கள் போகப் போக விளையாட்டு போய்விட்டது. பெரியம்மா இறந்தபோது பந்திங் வீட்டில் அம்மா தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். சடங்குக்காகப் பெரியம்மாவின் வாயில் எல்லாரும் பால் ஊற்றினார்கள். அம்மாவின் முறை வந்தபோது அவரால் ஊற்ற முடியவில்லை. நான்தான் கையைப் பிடித்து ஊற்ற வைத்தேன். திரும்பி வரும்போது காரில் சொன்னார், "அன்னிக்கு அந்தத் தண்ணிய நான் உள்ள போய்க் குடிச்சிருக்கலாம். அவ கண்ணு முன்னால குடிச்சேன் பாரு."

இப்போது அதே அம்மா எனக்கு டம்ளரில் அளந்து கொடுக்கிறார். முந்தாநாள் கேட்டுவிட்டேன்.

"அம்மா, கோப்பிய ஞாபகம் இருக்கா?"

"இல்லாம என்ன. பாவம்."

"டாக்டர் சொன்னது ஞாபகம் இருக்கா? தண்ணி நெறையக் குடுக்கணும்னு."

அம்மா என் மகளின் லங்கோட்டை மடித்துக்கொண்டிருந்தார். "எங்கக்கா சொன்னபடி நான் செஞ்சிருக்கணும். அவளுக்குச் செய்யல. உனக்காவது செய்யறேன்" என்றார். பிறகு மடிப்பதை நிறுத்திவிட்டு என்னை நேராகப் பார்த்தார். "புடிக்கலன்னா சொல்லு. நான் கெளம்பிடறேன். கொமுட்டர் இருக்கு."

மிரட்டலாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். அதனால்தான் பயமாக இருக்கிறது. என் கணவரிடம் சொன்னால், "நேரா சொல்லிடு, இது உன் ஒடம்பு, உன் பிள்ள" என்கிறார். நேராகச் சொன்னால் என்ன ஆகும் என்று நான் பார்த்திருக்கிறேன். சொல்லாமல் இருந்தால் என்ன ஆகும் என்பதை, இதோ, என் மகள் பால் பற்றாமல் அழும்போது கேட்டுக்கொண்டிருக்கிறேன். நாளை கிளினிக்கில் குழந்தையை எடை பார்க்க வேண்டும். போன முறை ஏறவேண்டிய அளவு ஏறவில்லை. இந்த முறையும் ஏறாவிட்டால் மாவுப்பால் தொடங்கச் சொல்வார்கள். அதையும் அம்மா தன் பத்தியம் தோற்றதாகத்தான் எடுத்துக்கொள்வார்.

அம்மா போய்விட்டால் எனக்கு வேறு ஆள் இல்லை என்பதற்காக உங்களிடம் யோசனை கேட்கவில்லை. ஆள் பிடித்துக்கொள்ளலாம். பெரியம்மாவைப்போல அம்மாவும், பிள்ளை பெற்றவள் ஒருத்தி குடிப்பதை நின்று பார்த்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு போகக் கூடாது.

உங்களில் யாராவது, உங்களைப் பார்த்துக்கொள்ள வந்தவரின் மனம் நோகாமல், அவர் கண் முன்னாலேயே வயிறு நிறையத் தண்ணீர் குடித்திருக்கிறீர்களா? குடிப்பதற்கு முன்னால் அவரிடம் என்ன சொன்னீர்கள்? எந்த வார்த்தையில் ஆரம்பித்தீர்கள்? முடிந்தால் இன்றே எழுதுங்கள். சின்ன விஷயம் என்று விட்டுவிடாதீர்கள். நீங்கள் சொன்னதை அப்படியே சொல்லிப் பார்க்கிறேன்.